மூன்றாம் தலைமுறை மாத்திரை

எங்கள் வீதியில் பதினான்கு வீடுகள். ஒன்று அந்த ஆளுடையது. மற்றப் பதிமூன்றிலும் அவர் கொடுத்த சுவர்க்கடிகாரமோ பேனா ஸ்டாண்டோ டைரியோ ஏதாவது ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது. எல்லாவற்றிலும் ஒரு மருந்தின் பெயர் அச்சாகியிருக்கும். காலையில் எழுந்து மணி பார்த்தால் வயிற்றுப்புண் மாத்திரை. மேஜைப் பக்கம் திரும்பினால் இருமல் மருந்து. நான் ஒன்றையும் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் நீட்டுவதை மறுக்க வேண்டுமென்றால் மூன்று முறையாவது "இருக்கட்டுங்க, பரவாயில்லீங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் நான்காவது முறையும் நீட்டுவார்.

மருந்துக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி அவர். டாக்டர்களைப் பார்த்துத் தன் கம்பெனி மருந்தை எழுதச் சொல்லுவது வேலை. கோவையிலிருந்து அவிநாசி வரை அவருடைய எல்லை. சொந்த ஊர் வெள்ளகோவில். வயது ஐம்பதுக்குள் இருக்கும். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, கழுத்தில் டை, தோளில் கனத்த பை. பையைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலேகால் அடிச் சுவர். அதற்கு மேல் அவருடைய தலையும் தோளும் தெரியாத நாட்களை விரல்விட்டு எண்ணலாம். நாங்கள் வாங்கியது, சமைத்தது, ரிப்பேருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் அந்தச் சுவருக்கு மேலிருந்து பார்த்துவிடுவார்.

எந்தப் பொருளையும் அது இருக்கிற இடத்தில் இருக்க விட மாட்டார். அதைவிட உசத்தியான ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும். "ஒரு படி மேல போயிருங்கண்ணா" என்பார். காங்கேயத்து மில்லிலிருந்து தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தால் அதைவிட உசத்தியான எண்ணெய். மூக்குக் கண்ணாடி மாற்றினால் அதைவிட உசத்தியான கண்ணாடி. ஒரு வாரம் முழுக்க எண்ணிப் பார்த்தேன். பதினேழு முறை அந்த வாக்கியத்தைச் சொன்னார். அதில் இரண்டு முறை நான் நடைப்பயிற்சி போகும் விதத்தைப் பற்றி.

எங்கள் வீட்டுத் தரைத்தொட்டிக்கு அரை எச்.பி. மோட்டார் இருந்தது. மேல்தொட்டி நிரம்ப முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். பதினோரு வருடம் அது மூச்சு விடாமல் உழைத்தது. ஒருநாள் சுவருக்கு மேல் தலை வந்தது.

"ஏனுங்கண்ணா, அரை எச்.பி.யெல்லாம் இப்பக் கோழிப்பண்ணைல கூட வெக்கறதில்லீங்க."

"இது போதுந் தம்பி. ரெண்டு பேருக்கு எவ்வளவு தண்ணி வேணும்?"

"போதுங்கறது ஒரு பேச்சுங்களா? ஒண்ணரையாப் போட்டுருங்க. காப்பி ஆறதுக்குள்ள டேங்க் ரொம்பிப்போயிரும்."

அவரே ஆளைக் கூட்டி வந்தார். ஒன்றரை எச்.பி. வந்தது. காப்பி ஆறுவதற்குள் தொட்டி நிரம்பியது உண்மைதான். தரைத்தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்த இருபத்தோராம் நாள், மோட்டார் அதே வேகத்தில் அடிமட்டம் வரை உறிஞ்சிவிட்டு வெறும் காற்றை இழுத்து இழுத்துச் சூடேறி, சுருள் கருகிவிட்டது. அவர் வந்து குனிந்து முகர்ந்து பார்த்தார். "ரெண்டு போட்டிருக்கோணுங்க" என்றார்.

என் மனைவி அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அவரைப் பிடிக்கும். "அந்தத் தம்பி வெள்ளந்திங்க. நம்மளுக்கு நல்லது வரோணும்னுதான் சொல்லுது" என்பாள். நான் ஒத்துக்கொண்டதில்லை. வெள்ளந்தியான ஆள் ஒருமுறை தவறினால் வாயை மூடிக்கொள்வான். இவர் தவறிய இடத்திலிருந்து இன்னும் ஒரு படி மேலே ஏறுவார்.

காங்கேயத்தைத் தாண்டி எட்டுக் கிலோமீட்டரில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் உறவில் ஒரு கல்யாணம். அவருக்கும் அழைப்பு. மூன்று பேரும் சேர்ந்தே கிளம்பினோம். எல்லா ஊரிலும் நிற்கிற பஸ் ஒன்று முன்னால் நின்றது. ஏறப் போன என் மனைவியின் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"அக்கா, அது உருட்டிட்டே போகுங்க. பின்னாடி இடைநில்லாப் பேருந்து நிக்குது பாருங்க. அதுல ஏறுனா சல்லுனு போயிறலாம்."

சல்லென்றுதான் போனது. மண்டபத்தின் வாழைமரம், சீரியல் விளக்கு, வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் வரை எல்லாம் ஜன்னலில் தெரிந்தன. பஸ் நிற்கவில்லை. நான் எழுந்து கத்தினேன். கண்டக்டர் பலகையைக் காட்டினார். அடுத்த நிறுத்தம் வெள்ளகோவில். இறங்கியதும் அந்த ஆள் முகத்தில் துளி வெட்கம் இல்லை. "வந்ததுதான் வந்துட்டோம், எங்கூட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாங்க" என்றார். திரும்பி மண்டபத்துக்கு வந்தபோது தாலி கட்டி ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. மூன்றாம் பந்தியும் எழுந்துவிட்டது. எங்களுக்கு ரசம்தான் கிடைத்தது.

இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அப்போதே எரிந்தது.

அவருடைய கம்பெனியில் அதிகம் விற்றது செஃபலோஸ்போரின் வகை மருந்துகள். கிருமியைக் கொல்லும் மருந்துகளில் அது ஒரு பெரிய குடும்பம், எல்லாவற்றின் பெயரும் "செஃப்" என்றுதான் ஆரம்பிக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என் மனைவி சுட்ட கச்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"கடலோரத்துல ஒரு சாக்கடை வாய்ங்கக்கா. அங்கிருந்து ஒரு பூஞ்சையை எடுத்தாங்க. இந்தக் குடும்பமே அதுல இருந்து வந்ததுதானுங்க."

"சாக்கடைல இருந்தா? அதையா ஊசில ஏத்தறாங்க?" என்றாள் என் மனைவி.

"கேளுங்க. கிருமி தன்னையச் சுத்திக் காம்பவுண்டு சுவர் கட்டிக்கும். இந்த மருந்து போயி கொத்தனாரு கையப் புடிச்சுக்கும். செங்கல்லு இருக்கும், கலவை இருக்கும், கட்ட ஆளு இருக்காது. சுவரில்லாத கிருமி தண்ணியக் குடிச்சுக் குடிச்சு ஊதி, பட்டுனு வெடிச்சுப்போயிருங்க."

அதை அவர் நன்றாகத்தான் சொன்னார். மறுப்பதற்கில்லை. பிறகு வழக்கமான இடத்துக்கு வந்தார்.

"இதுல அஞ்சு தலைமுறை இருக்குதுங்க. மொதத் தலைமுறை எங்க தாத்தா மாதிரி. ரெண்டாவது எங்கப்பன். நான் விக்கறது மூணாவது."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் எதுங்க தம்பி?"

"நீங்களும் அண்ணனும் மொதத் தலைமுறைங்கக்கா. நல்லவங்கதான், ஆனா மார்க்கெட்டு இல்லீங்க."

சிரிக்கும்போது அவருக்கு மேல்வரிசையில் எட்டுப் பற்கள் தெரியும். என் மனைவியும் சிரித்தாள். எனக்கு அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தலைமுறை. மூன்று என்றால் ஒன்றைவிட மேல். அவர் மீதிருந்த எரிச்சலையும் மீறி நான் அதை நம்பினேன். அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

நான்கு வருடங்கள் ஆகின்றன. ஒரு சனிக்கிழமை என் மனைவியின் வலது காலில், கணுக்காலுக்கு மேல், கேட்டுத் தகரம் கீறிவிட்டது. கீறல் ஒன்றரை அங்குலம்தான். ஆனால் இரண்டு நாள் அவள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். திங்கட்கிழமை அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் கொதித்தது. அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம்.

வீதி முக்கில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த இளம் டாக்டரம்மாவிடம் போனோம். அந்தப் பெண் அவசரப்படாமல் பார்த்தாள். நீலப் பேனாவை எடுத்துச் சிவப்பைச் சுற்றிக் காலிலேயே ஒரு கோடு போட்டாள். "செவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா அடுத்த நிமிசம் இங்க இருக்கோணுங்க" என்றாள். செஃபலெக்சின் எழுதினாள். நாளைக்கு நாலு வேளை, ஏழு நாள். இருபத்தெட்டு. அன்று மதியம் ஒன்று, மாலை ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தேன். சிவப்பு கோட்டுக்கு உள்ளேயே இருந்தது. கால் அங்குலம் உள்வாங்கியிருந்தது என்றுகூட நினைக்கிறேன்.

அப்போது சுவருக்கு மேல் தலை வந்தது. காலைப் பார்த்தார், பிறகு உள்ளே வந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். யாரோ செத்துப்போன வீட்டில் நிற்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"என்னங்கண்ணா இது? மொதத் தலைமுறையவா குடுத்திருக்காங்க?"

"டாக்டரம்மா எழுதினது தம்பி."

"டாக்டரம்மா புதுசுங்க. நான் ஒரு நாளைக்குப் பதினோரு டாக்டரைப் பாக்கறவன். இது என்னாகும்னா, கிட்னி வழியாச் சுருக்கா வெளிய போயிரும். அதனாலதான் நாலு வேளை முழுங்கச் சொல்றாங்க. எங்களுது உடம்புல நின்னு வேலை செய்யும். காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. முடிஞ்சுது."

பையிலிருந்து ஒரு அட்டை எடுத்து நீட்டினார். செஃபிக்சிம். பத்து மாத்திரை. விற்பனைக்கு அல்ல என்று குறுக்கே அச்சடித்த சாம்பிள் அட்டை.

அவர் என் கையைப் பிடித்துத் திணிக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒரு படி மேல போயிருங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அட்டையைப் பிரித்தது நான். மிச்சமிருந்த இருபத்தைந்தையும் அலமாரியின் இழுப்பறையில் போட்டு மூடியதும் நான்.

அன்று மாலையே சிவப்பு கோட்டை ஒரு விரல் தாண்டியது. அவரிடம் சொன்னேன். "மருந்து தொரத்துதுங்க, கிருமி ஓடுது" என்றார். புதன்கிழமை மூன்று விரல். வியாழக்கிழமை முழங்காலுக்கு நாலு விரல் கீழே வந்து, ஒரு கொப்புளமும் வைத்தது. டாக்டரம்மாவிடம் போயிருக்கலாம். கிளினிக் எங்கள் வீட்டிலிருந்து இருநூற்றுப் பத்துக் காலடி. போனால் மாத்திரையை மாற்றியதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பெங்களூரில் இருக்கும் என் மகன் வயதுகூட இல்லை. நாளைக்கு இறங்கிவிடும், நாளைக்கு இறங்கிவிடும் என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவிக்குப் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் எடுத்தது. என்னைத் தன் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஆட்டோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு காலைச் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்துங்க குடுத்தீங்க?"

சட்டைப் பையில் டாக்டரம்மாவின் சீட்டு இருந்தது. எடுத்து நீட்டினேன். "இதுதானுங்க. வேளை தப்பாமக் குடுத்தேன்."

"எத்தனை போயிருக்கும்?"

"பதினாறுங்க" என்றேன்.

எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. திங்கள் மூன்று, செவ்வாய், புதன், வியாழன் நாலு நாலாகப் பன்னிரண்டு, வெள்ளி காலை ஒன்று. சீட்டின்படி நடந்திருந்தால் அதுதான் சரியான எண்ணிக்கை. கொஞ்சம் தடுமாறியிருந்தால் அவர் சந்தேகப்பட்டிருப்பார். நான் தடுமாறவில்லை. அவர் பதினாறு என்று எழுதிக்கொண்டார்.

"பதினாறு போயும் அடங்கலீன்னா ரெண்டுதான். ஒண்ணு, இந்த மருந்துக்கு மசியாத கிருமி. இல்லீன்னா உள்ள சதை அழுகுது. மத்தியானம் ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயித் திறந்து பாத்தரலாம். கணுக்கால்ல இருந்து முட்டி வரைக்கும். கூடவே கடுசான ஊசி ஒண்ணு ஆரம்பிக்கோணும். அது கிட்னியைப் பாதிக்கும். அவங்களுக்கு ஏற்கனவே கொறைவா இருக்குது. டயாலிசிஸ் வரைக்கும் போனாலும் போலாம். மனசத் தயார் பண்ணிக்கோங்க."

மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். அவர் கேள்வி கேட்டதற்கும் நான் மூன்றாவது கையெழுத்துப் போட்டதற்கும் இடையில் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் டாக்டர் இரண்டு முறை என்னைக் கடந்து போனார். ஒருமுறை நின்று, "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் வியாழக்கிழமை ஏன் வரவில்லை, புதன்கிழமை ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

பதினொன்றரைக்கு அந்த ஆள் வந்தார். டை, பை, கையில் ஒரு பை சாத்துக்குடி. வீதியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்காவுக்கு எப்படிங்கண்ணா இருக்குது?"

காலைத் திறக்கப் போகிறார்கள் என்றேன். என்ன ஊசி என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறியது.

"அதெதுக்குங்க அவ்வளவு பெரிய ஊசி? என்ன மருந்து குடுத்ததாச் சொன்னீங்க?"

"சீட்டுல இருக்கறது."

"எத்தனைன்னு?"

"பதினாறு."

என்னைப் பார்த்தார். நான் எதிரே சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அதில் ஏழு வரிகள் இருந்தன. சாத்துக்குடியை நாற்காலியில் வைத்தார். டாக்டர் அறைக்கு வெளியே அவரைப் போல டை கட்டிய நாலு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். இவர் அவர்களைத் தாண்டிக் கதவைத் தட்டாமல் உள்ளே போனார். அவருடைய எல்லைக்குள் அவருடைய மருந்தை அதிகம் எழுதிய டாக்டர் அவர்தான் என்று எனக்கு முன்பே சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். கதவைச் சாத்தவில்லை. எல்லாம் கேட்டது.

"சார், அந்தக் கால் கேசுங்க. அவங்க சீட்டு மருந்து மூணுதான் சாப்புட்டாங்க. மிச்சமெல்லாம் என்னோட சாம்பிளுங்க. செஃபிக்சிம். ஏழு மாத்திரை போயிருக்குதுங்க."

"அந்தப் பெரியவரு பதினாறுன்னு அடிச்சுச் சொல்றாரு?"

"அண்ணனுக்குத் தெரியாதுங்க. அக்காகிட்ட நான்தான் மாத்திக் குடுத்துப்போட்டேன். அவரு சீட்டைப் பாத்துக் கணக்குச் சொல்றாருங்க."

டாக்டர் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த நாலு பேரும் எழுந்து நின்றார்கள்.

"நீ படிச்சவன்தானே? தோலுல வர்ற கிருமிக்கு அதை எதுக்குய்யா குடுத்தே? அது மூத்திரத்துக்கும் வயித்துக்கும் ஆனது. மருந்தோட ஒரு பக்கத்தை மாத்தி மாத்தி அந்தக் கிருமிக்குன்னு கூர் தீட்டுனாங்க. தீட்டத் தீட்ட இந்தப் பக்கம் மழுங்கிப்போச்சு. தோலுக்கு இன்னைக்கும் மொதத் தலைமுறைதான்யா ராஜா."

"மூணாவதுன்னா ஒசத்தின்னு..."

"ஒசத்தியா? கோயமுத்தூர்ல இருக்கறயே, நூல் நம்பர் தெரியுமா? இருபதாம் நம்பர் நூலு ஒசத்தியா, எண்பதாம் நம்பர் நூலு ஒசத்தியா? நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும், அவ்வளவுதான். எண்பதை வெச்சு ஜமுக்காளம் நெய்வியா?"

அந்த ஆளுக்கு அது புரிந்திருக்குமோ என்னவோ. நான் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் நூலுக்கு நம்பர் பார்த்தவன். எண்பது என்பது பட்டம் அல்ல, அளவு என்று எத்தனை புதிய வியாபாரிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். "உங்களுக்குத் தெரிய நியாயமில்லீங்க. நல்லவேளை, இப்பவாச்சும் சொன்னான். கடுசான ஊசி வேண்டாம், ஆப்பரேஷனை நாளைக்குக் காலைல பாத்துக்கலாம். மொதத் தலைமுறை ஊசியே போட்டுப் பாக்கறேன்." புதிதாக ஒரு கோடு போட்டார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு செஃபசோலின் ஊசி. சனிக்கிழமை காலையில் சிவப்பு கோட்டிலேயே நின்றிருந்தது. ஆப்பரேஷன் வேண்டாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கால் அங்குலம் பின்வாங்கியது. கொப்புளத்து நீரைப் பரிசோதித்ததில், எல்லார் தோலிலும் இருக்கும் சாதாரணக் கிருமி, அந்த அலமாரி இழுப்பறையில் கிடந்த இருபத்தைந்துக்கே செத்திருக்கும் கிருமி என்று வந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அந்த ஆஸ்பத்திரியில் அவரை அதற்குப் பிறகு உள்ளே விடவில்லை. டாக்டர் கம்பெனிக்கு எழுதினார் என்றார்கள். விசாரணை என்றார்கள். எங்கள் வீதியில் நாலு வீட்டில் கடிகாரத்தைக் கழற்றினார்கள். "சாம்பிளைக் குடுத்து அம்மணியக் கொல்லப் பாத்தானாமா?" என்று என்னிடம் கேட்டார்கள். "ஆமாங்க, அவர்தான் மாத்திக் குடுத்தார்" என்றேன். பெங்களூரிலிருந்து வந்த மகனிடமும் அதையே சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

சுவருக்கு மேல் அவர் தலை தெரிவது நின்றுபோனது. வண்டியை எடுக்கும்போது எதிர்ப்பட்டால் "வாரேனுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு போவார். ஒருநாளாவது என்னை நிறுத்தி, ஏன் பதினாறு என்று சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மோட்டாரில் ஆரம்பித்திருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை. "அண்ணனுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லச் சொல்லி அவரை யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? ஒரு ஆளை வெறுப்பதற்கு என்னிடம் இருந்த காரணங்கள் எல்லாம் சரியான காரணங்கள். அவற்றின்மேல் அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மாதத்தில் அவரை ஏதோ தூரத்து எல்லைக்கு மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது அவர் எங்கள் கேட்டைத் திறப்பது ஜன்னலில் தெரிந்தது. நான் பின்பக்கம் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் ஊற்றிய செடிகள்தான். பதினோரு நிமிடம் கழித்துக் கேட்டுச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தேன். என் மனைவி காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்தத் தம்பி உங்களைக் கேட்டுதுங்க."

"என்ன கேட்டுச்சு?"

"அண்ணன் நல்லா இருக்காரான்னு."

"வேற எதாச்சும் சொல்லுச்சா?"

"வேற என்னங்க சொல்லோணும்?"

நான் செய்தித்தாளை எடுத்தேன். அவள் காலின் மேல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்தாளே தவிர, எந்த மாத்திரையை யார் கையிலிருந்து வாங்கி விழுங்கினோம் என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இத்தனை நாளில் அதைப் பற்றி ஒரு பேச்சு எடுத்ததில்லை.

"ஏனுங்க, அன்னைக்கு அந்தத் தம்பி வரலீன்னா நீங்களே டாக்டர்கிட்டச் சொல்லியிருப்பீங்கல்ல?"

"சொல்லியிருப்பேன்."

"எப்பங்க? அவங்க காலைத் திறக்கறதுக்கு முன்னாடியா, திறந்ததுக்கு அப்புறமா?"

குரலில் கோபம் இல்லை. குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். நான் செய்தித்தாளில் ஒரு பக்கம் புரட்டினேன்.

"காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வலது காலை ஊன்றித்தான் எழுந்தாள்.